அணியும் டீபிப்ரிலேட்டரில் துடிப்பு எண்ணுவது: 80 ஏன் 160 ஆகிறது, விஎஃப் ஏன் 40 ஆகிறது?

சிக்னல்_பித்தன்:

வணக்கம். மார்பைச் சுற்றி உடுப்பு மாதிரி போட்டுக்கொள்ளும் டீபிப்ரிலேட்டர் (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து இதயத்தைச் சரிசெய்யும் கருவி) இருக்கிறதல்லவா, அதில் இதயத்துடிப்பை எண்ணும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வருட ப்ராஜெக்ட் செய்கிறேன். ஷாக் கொடுக்கும் சமாச்சாரமெல்லாம் இல்லை, வெறும் கணக்குதான். 1985இல் பான், டாம்கின்ஸ் இருவரும் வெளியிட்ட முறையை எழுதியிருக்கிறேன். 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர், அப்புறம் சரிவு, அதன் வர்க்கம், 150 மில்லிவினாடி அகலத்தில் கூட்டல், கடைசியில் தானாக ஏறி இறங்கும் த்ரெஷோல்டு, அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் துடிப்பு. எம்ஐடி-பிஐஹெச் என்ற ஈசிஜி தொகுப்பின் 48 பதிவுகளில் ஓட்டினால் அருமையாக வருகிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல்.

ஆனால் ஜெல் இல்லாத உலர் எலக்ட்ரோடு பெல்ட்டில் எடுத்த பதிவைக் கொடுத்தால் கதை மாறிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு 80 காட்டிக்கொண்டே வந்து திடீரென்று 160 என்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகவே 80க்குத் திரும்புகிறது. ஆள் எழுந்து நடந்தால் 120, 180 என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறது. பொதுவில் கிடைக்கும் வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (விஎஃப், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் நிலை) பதிவுகளிலோ இதற்கு நேர் எதிர். திரையில் அலை கன்னாபின்னாவென்று ஆடுகிறது, நிரல் 40 என்கிறது, சில பதிவுகளில் எதுவுமே காட்டாமல் நின்றுவிடுகிறது. அதாவது ஷாக் தேவையில்லாத ஆளுக்கு அதிகமாகவும் தேவைப்படுகிற ஆளுக்குக் குறைவாகவும் எண்ணுகிறது, இதைவிட மோசமாக ஒரு கருவி நடந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

கைடு, "இன்னும் நிறைய துடிப்புகளைச் சராசரி எடு" என்கிறார். எடுத்துப் பார்த்தாயிற்று, 160 நகர மாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

---

ஃபர்ம்வேர்க்காரன்:

சராசரியால் இது தீராது. தப்பாக எண்ணியதைச் சராசரி எடுத்தால் தப்பின் சராசரிதான் கிடைக்கும்.

80 கச்சிதமாக இரண்டு மடங்காகிறது என்றாலே டி-அலையையும் (ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் வரும் மெதுவான அலை) ஒரு துடிப்பு என்று சேர்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். பீக் விழுந்த நேரங்களை எடுத்து இடைவெளிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 80 துடிப்பு என்றால் இடைவெளி 750 மில்லிவினாடி. க்யூஆர்எஸ் (துடிப்பின் கூர்மையான முக்கிய அலை) போய் 300 மில்லிவினாடியில் டி-அலை மாட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் 300, 450, 300, 450 என்று வரும். தனித்தனியே பார்த்தால் 200, 133, 200, 133; சராசரி 375, அதுதான் உங்கள் 160. நிஜமாகவே 160இல் ஓடுகிற இதயம் பொதுவாக இப்படி நொண்டிக்கொண்டு ஓடாது. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டினால் ஒரே தொகை வருகிறதா என்று பார்க்கும் ஒரு சின்னச் சோதனையே பாதிப் பிரச்சினையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாதிதான், முழுசும் இல்லை. பைஜெமினி என்று ஒன்று உண்டு, ஒரு சாதாரணத் துடிப்பு, ஒரு முந்திய துடிப்பு என்று மாறி மாறி வரும், அதுவும் குட்டை நெட்டையாகத்தான் தெரியும். அதனால் இடைவெளியோடு வடிவத்தையும் பார்க்க வேண்டும். டி-அலை சோம்பலாக ஏறி இறங்கும், க்யூஆர்எஸ் செங்குத்தாக நிற்கும், சரிவை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பான்-டாம்கின்ஸ் முறையிலேயே டி-அலைக்கு ஒரு விதி உண்டு: முந்தைய துடிப்புக்குப் பிறகு 360 மில்லிவினாடிக்குள் வருகிற பீக்கின் சரிவு முந்தையதில் பாதிக்கும் கீழே இருந்தால் அதை டி-அலை என்று தள்ளிவிடு. சாதாரண ஈசிஜிக்கு நல்ல விதி. இப்போது நோயாளிக்கு 170இல் வெண்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (விடி, கீழறையிலிருந்து கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) ஆரம்பிக்கிறது என்று வையுங்கள். இடைவெளி 353 மில்லிவினாடி, அதாவது 360க்குள்ளே. க்யூஆர்எஸ் அகன்று, மழுங்கி, சரிவு குறைந்து வருகிறது. ஒப்பிடுவதற்கு நீங்கள் முந்தைய ஒரே துடிப்பை வைத்திருந்தால் ஓரிரு துடிப்பில் நிரல் சுதாரித்துக்கொள்ளும். ஆனால் கடைசி எட்டுத் துடிப்பின் சராசரிச் சரிவை வைத்திருந்தால், பழைய செங்குத்தான துடிப்புகளோடு ஒப்பிட்டு, சராசரி இறங்கும் வரை சில நொடிகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்றைத் தள்ளிக்கொண்டே போகும், திரையில் 85 என்று நிம்மதியாகத் தெரியும். டி-அலையை விரட்ட வைத்த விதி விடியை விழுங்கிவிடுகிறது. உங்கள் நிரலில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. இந்தக் கருவியில் துல்லியம் என்றால் 78ஆ 80ஆ என்பது இல்லை, அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. விடிக்கு 150, விஎஃப்க்கு 200 என்ற மாதிரி மருத்துவர் போட்டுக்கொடுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, எவ்வளவு நேரமாக, அவ்வளவுதான் கேள்வி. 240ஐ 260 என்று சொன்னால் போகட்டும் விடுங்கள். 80ஐ 160 என்று சொல்லக் கூடாது.

---

லீட்_டூ:

நான் ஈசிஜி டெக்னீஷியன், கணக்கு எனக்கு வராது, ஆனால் மேலே சொன்னது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியும். ஆள் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்ததும் இதயம் மார்புச் சுவரை ஒட்டி நகர்கிறது, ஒரு லீடில், அதாவது ஒரு கோணத்துப் பதிவில், ஆர் (க்யூஆர்எஸின் உச்சி) குட்டையாகி டி உயர்ந்து நிற்கும், திரும்பி மல்லாந்தால் பழையபடி ஆகிவிடும். உங்கள் 80, 160 கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்புகிறது என்றீர்களே, அந்த நேரத்தில் ஆள் எப்படி உட்கார்ந்திருந்தார், சாய்ந்தாரா என்று பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும் டி-அலை கூம்பு மாதிரி உயரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் இது சகஜம், இந்த உடுப்பைப் போடுகிறவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

உலர் எலக்ட்ரோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டிய முதல் சில நிமிடங்கள் சிக்னல் அசிங்கமாகத்தான் இருக்கும், தோலில் கொஞ்சம் ஈரம் ஊறிய பிறகுதான் அடங்கும். பட்டை தளர்வாக இருந்தால் கடைசி வரைக்கும் அடங்காது. நீங்கள் என்ன ஃபில்டர் போட்டாலும் தளர்ந்த பட்டைக்கு மருந்து பட்டையை இறுக்குவதுதான். தொடுகை விட்டுப்போனதா என்று கருவியே ஒரு மெல்லிய மின்னோட்டம் அனுப்பிப் பார்த்துக்கொள்கிறது, அந்தத் தகவல் உங்கள் பதிவில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

---

ஏன்_எதற்கு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? கைக்கடிகாரத்தில் பச்சை விளக்கு வைத்து நாடி பார்க்கிறார்களே, அதையே இதில் வைத்துவிட்டால் டி-அலைத் தொல்லையே இல்லையே?

---

ஃபர்ம்வேர்க்காரன்:

விஎஃப் வந்தால் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே இல்லை, நாடியே இருக்காது, எண்ண என்ன இருக்கிறது? பச்சை விளக்கு அப்போது சும்மா ஆடுகிற கையைத்தான் பார்க்கும். நாடி நன்றாகத் தெரிகிறது, ஆகவே அவசரப்பட்டு ஷாக் வேண்டாம் என்று சொல்ல ஒரு துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. நடக்கும்போது காலடியையே துடிப்பு என்று எண்ணிவிடுகிற பழக்கமும் அதற்கு உண்டு.

சிக்னல்_பித்தனின் நடைப் பிரச்சினைக்கு வருகிறேன், அதுவும் இதே ரகம்தான். சாதாரண நடை என்றால் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி, நிமிடத்துக்கு 120. ஓட்டம் என்றால் 160, 170, நேராக விடி எல்லைக்குள் வந்து நிற்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தோல் இழுபட்டு எலக்ட்ரோடு தளத்தில் மின்னழுத்தம் குதிக்கிறது, அந்தக் குதிப்பின் அலைவரிசை க்யூஆர்எஸ் இருக்கும் அதே இடத்தில் கிடப்பதால் ஃபில்டரால் பிரிக்க முடியாது. 50, 60 ஹெர்ட்ஸ் மின்கம்பி இரைச்சலும் தசை இரைச்சலின் பெரும்பகுதியும் தள்ளி நிற்கின்றன, அவற்றை வெட்டிவிடலாம். இதை வெட்டினால் துடிப்பும் சேர்ந்து போய்விடும்.

அதனால்தான் இந்தக் கருவிகளில் ஒரு லீடோடு நிற்பதில்லை. 2001இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி பெற்ற லைஃப்வெஸ்ட் என்ற உடுப்பில் நான்கு உணர் எலக்ட்ரோடுகள், முன்-பின் ஒரு சேனல், பக்கவாட்டில் ஒரு சேனல். இரண்டையும் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். தயவுசெய்து இரண்டையும் சராசரி மட்டும் எடுக்காதீர்கள். ஒன்றில் 78, இன்னொன்றில் 156 வந்தால் சராசரி 117, அந்த வேகத்தில் அந்த இதயம் ஒரு நொடி கூட ஓடவில்லை. ஆனால் 156, 78இன் சரியான இரு மடங்கு என்பதைக் கவனித்தால் ஒரு சேனல் டி-அலையை எண்ணுகிறது என்று அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. ஒன்றில் 78, இன்னொன்றில் 191, பிறகு 143, பிறகு 210 என்று அலைந்தால் அது இரைச்சல், அந்தச் சேனலுக்கு அப்போதைக்கு ஓட்டுரிமை கிடையாது.

ஆக்ஸிலரோமீட்டர் (அசைவை அளக்கும் உணரி) இருந்தால் அதையும் சேருங்கள், ஆனால் கழித்துச் சரிசெய்கிறேன் என்று இறங்க வேண்டாம், அது ஆழம் தெரியாத கிணறு. இந்த நேரத்துச் சிக்னலை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்ய மட்டும் போதும்.

---

சிக்னல்_பித்தன்:

அண்ணா, பார்த்துவிட்டேன். கடைசி எட்டின் சராசரிச் சரிவுதான் இருக்கிறது, இணையத்தில் கிடைத்த நிரலில் அப்படித்தான் இருந்தது. இடைவெளிகளும் நீங்கள் சொன்ன மாதிரியே, 310, 440, 305, 445. அக்கா சொன்னதும் சரி, அந்த நேரத்தில் அவர் நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்து போனை எடுத்திருக்கிறார், வீடியோவில் தெரிகிறது.

விஎஃப் மட்டும் புரியவில்லை. அலை அத்தனை வேகமாக ஆடும்போது எப்படி 40 வரும்?

---

ஃபர்ம்வேர்க்காரன்:

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல க்யூஆர்எஸ் 1.5 மில்லிவோல்ட் உயரம் என்று வைப்போம். விஎஃப் வந்ததும் அலை 0.3 மில்லிவோல்ட்டுக்கு இறங்குகிறது, ஐந்தில் ஒரு பங்கு. நீங்களோ வர்க்கம் எடுக்கிறீர்கள், ஆகவே உங்கள் கணக்கில் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு. பழைய துடிப்புகளின் அளவு 25 என்றால் புதியவை 1. த்ரெஷோல்டு எங்கே நிற்கிறது? இரைச்சல் அளவோடு, துடிப்புக்கும் இரைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தில் கால் பங்கைக் கூட்டுகிறோம். விஎஃப் அலைகளெல்லாம் கோட்டைத் தாண்டாததால் இரைச்சல் என்று முத்திரை குத்தப்படுகின்றன, இரைச்சல் அளவு 1க்கு ஏறுகிறது, த்ரெஷோல்டு 1 + 6, அதாவது 7. துடிப்பு விட்டுப்போனால் பின்னால் போய்த் தேடும் ஏற்பாடு இருக்கிறதே, அது பாதி த்ரெஷோல்டில்தான் தேடும், 3.5. அதையும் 1 தாண்டாது. இரைச்சல் என்று முத்திரை விழுந்த எதுவும் துடிப்பு அளவை இறக்காது, ஆகவே த்ரெஷோல்டு அங்கேயே உறைந்துவிடுகிறது. நோயாளி போய்க்கொண்டிருக்கிறார், நிரல் அடுத்த 1.5 மில்லிவோல்ட் துடிப்புக்காகக் காத்திருக்கிறது. எப்போதாவது ஓர் உயரமான அலை தப்பித் தவறித் தாண்டுகிறது, அதுதான் உங்கள் 40. போதாக்குறைக்கு விஎஃப்பின் முக்கிய அதிர்வெண் 4 முதல் 7 ஹெர்ட்ஸ் வட்டாரம், உங்கள் ஃபில்டரோ 5க்குக் கீழே வெட்டுகிறது.

உடம்புக்குள் வைக்கும் டீபிப்ரிலேட்டர்களான ஐசிடி கருவிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று படியுங்கள். ஒரு துடிப்பைப் பிடித்ததும் த்ரெஷோல்டு உயரே போகும், அடுத்தது வரும்வரை நேரத்தோடு தானாக இறங்கிக்கொண்டே வரும், ஒரு தரைமட்டம் வரைக்கும். உறைந்து நிற்கிற பேச்சே கிடையாது. விலை என்னவென்றால், இறங்க இறங்க டி-அலையும் இரைச்சலும் மாட்டும். முதல் பதிலில் பார்த்த டி-அலைச் சோதனை இங்கே கைகொடுக்க வேண்டும்.

அப்புறம் 200 மில்லிவினாடி கண்மூடும் நேரம். ஒரு துடிப்புக்குப் பிறகு 200 மில்லிவினாடி எதையும் பார்க்காதே என்கிறது விதி. விஎஃப்பில் அலைகள் 170 மில்லிவினாடிக்கு ஒன்று வந்தால் ஒன்றுவிட்டு ஒன்று இருட்டில் போகும், இடைவெளி 340, வேகம் 176. உண்மை 350க்கு மேல். ஷாக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் விஎஃப் எல்லையிலிருந்து விடி எல்லைக்கு இறங்கிவிட்டது, விடி எல்லையில் கருவி பொதுவாகக் கூடுதல் நேரம் காத்திருக்கும்படி அமைத்திருப்பார்கள்.

ஆகவே விஎஃப்புக்கு எண்ணுவதையே ஒரே வழியாக வைக்காதீர்கள். எண்ணுவதற்கு அங்கே துடிப்பு என்று ஒன்று இல்லை. பக்கத்திலேயே இன்னொரு பாதை போடுங்கள், சில நொடி சிக்னலை எடுத்து அதன் ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் குவிந்திருக்கிறது, எவ்வளவு நேரம் பூஜ்யக் கோட்டை விட்டு விலகி இருக்கிறது என்று பார்க்கிற பாதை. ஒழுங்கான ஈசிஜி பாதிக்கு மேற்பட்ட நேரம் கோட்டை ஒட்டிப் படுத்துக்கிடக்கும், விஎஃப் கோட்டில் தங்காது.

---

லீட்_டூ:

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் எண் சரியாக இருப்பதும் முடிவு சரியாக இருப்பதும் வேறு வேறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத்தின் மேலறைகளில் வரும் ஒழுங்கற்ற துடிப்பு) 170 ஓடுகிறவரை 170 என்று கச்சிதமாக எண்ணிவிடுவீர்கள், அவருக்கு ஷாக் தேவையில்லை. க்யூஆர்எஸ் அகலமாக இருந்தால் விடி என்று வைத்தால், மாரடைப்புக்குப் பிறகு பண்டில் பிளாக் (இதயத்தின் மின்பாதையில் தடை) உள்ளவருக்கு எப்போதுமே அகலம்தான். அதனால்தான் உடுப்பை மாட்டிவிடும்போதே அவருடைய சொந்தத் துடிப்பின் வடிவத்தைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள், பிறகு வருவதை அதோடு ஒப்பிடுகிறார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர் என்றால் இன்னும் ஒரு தலைவலி, சில வகைகளில் பேசிங் கூர்முனை (பேஸ்மேக்கர் அனுப்பும் மின்துடிப்பு) ஈசிஜியில் உயரமாகத் தெரியும், அடியில் நடக்கும் விஎஃப்பை விட்டுவிட்டு நிரல் அதை ஒழுங்கான துடிப்பு என்று எண்ணக்கூடும்.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஃபர்ம்வேர்க்காரன் என்ன நினைக்கிறார் தெரியவில்லை, எனக்கு அது குறையக் குறைய நல்லது. விஎஃப் வந்தால் பத்து இருபது நொடிக்குள் ஆள் நினைவிழந்துவிடுவார், ஷாக் தாமதமாகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏழு முதல் பத்து சதவீதத்தைத் தின்கிறது என்பது எங்களுக்குப் பாடம்.

---

ஃபர்ம்வேர்க்காரன்:

ஒத்துக்கொள்ள முடியவில்லை அக்கா. நிமிடத்துக்கு இவ்வளவு என்பது ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடமா பன்னிரண்டா என்ற கணக்கு. இங்கே நாம் பேசுவது 20 நொடியா 40 நொடியா என்று. அந்த 20 நொடி கூடுதலில் பல விடி தானாகவே நின்றுவிடும், சேனல்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடலாம், நினைவோடு இருக்கிற ஆள் பட்டனை அழுத்தி நிறுத்திவிடலாம். முதலில் அதிர்வு, பிறகு சத்தம், பிறகு பேச்சு என்று எச்சரிக்கை ஏறுவதே அந்தப் பட்டனுக்காகத்தான். மயங்கியவரால் அழுத்த முடியாது என்பதே கடைசிச் சோதனை.

---

மார்புப்பட்டை:

இதைப் போட்டிருந்தவன் என்ற முறையில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நள்ளிரவில் புரண்டு படுத்ததற்கெல்லாம் அலறினால், முதல் வாரம் பட்டனை அழுத்துவீர்கள், அடுத்த வாரம் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தூங்குவீர்கள். நான் வைத்திருக்கிறேன். மேசையில் இருக்கும் உடுப்பு எத்தனை நொடியில் ஷாக் கொடுக்கும் என்று சண்டை போட்டு என்ன பயன்?

---

ஃபர்ம்வேர்க்காரன்:

இவர் சொல்வது ஆய்விலும் தெரிந்தது. 2018இல் வந்த வெஸ்ட் ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் தள்ளும் திறன் 35 சதவீதமோ அதற்கும் கீழோ இருந்த 2302 பேர். இதயத் துடிப்புக் கோளாறால் வரும் மரணம் உடுப்புக் குழுவில் 1.6, மற்றதில் 2.4 சதவீதம், புள்ளியியல்படி வித்தியாசம் நிலைக்கவில்லை. தேவையில்லாத ஷாக் வாங்கியவர்கள் 0.6 சதவீதம், அது பரவாயில்லை. ஆனால் நாளுக்குச் சராசரி 14 மணி நேரம்தான் அணிந்திருக்கிறார்கள். எல்லாக் கழற்றலுக்கும் பொய் எச்சரிக்கைதான் காரணம் என்று சொல்லவில்லை, உறுத்தல், சூடு, கனம் எல்லாம் இருக்கும். ஆனாலும் நம் கையில் இருப்பது எச்சரிக்கை மட்டும்தான்.

---

லீட்_டூ:

சரி, விடிக்கு உங்கள் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். விஎஃப் தெளிவாகத் தெரிந்தால், இரண்டு சேனலும் ஒரே குரலில் சொன்னால், காத்திருப்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை.

---

சிக்னல்_பித்தன்:

இரண்டையும் தனித்தனி நேரமாக வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, இதையெல்லாம் எழுதிய பிறகு சரியாக இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? நோயாளி பதிவு என்னிடம் இல்லை, வைவாவில் 99.5 சதவீதம் என்று சொன்னால் போதுமா?

---

ஃபர்ம்வேர்க்காரன்:

போதாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பு. அதில் அரை சதவீதம் தப்பு என்றால் 500. அவை நாள் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒன்றும் ஆகாது, இடப்பக்கம் சாய்ந்த ஐந்து நிமிடத்தில் மொத்தமாக விழுந்தால் ஆள் ஷாக் வாங்குவார். அதனால் துடிப்புக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு நாள் பதிவுக்கு எத்தனை முறை கோட்டைத் தாண்டி எச்சரிக்கை வரை போனது என்று எண்ணுங்கள்.

விஎஃப்புக்கு சியூ என்ற பொதுத் தொகுப்பில் எட்டு நிமிடப் பதிவுகள் 35 இருக்கின்றன. எம்ஐடி-பிஐஹெச்சிலேயே இரைச்சல் தொகுப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அதில் எலக்ட்ரோடு அசைவு இரைச்சலுக்கென்று ஒரு கோப்பு. அதை எடுத்து சாதாரணப் பதிவுகளிலும் விஎஃப் பதிவுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கலந்து ஓட்டுங்கள். சாதாரண ஆள் எந்த இரைச்சலில் கோட்டைத் தாண்டுகிறார், விஎஃப் ஆள் எந்த இரைச்சலில் கோட்டுக்குக் கீழே விழுகிறார், இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமென்றால் தானியங்கி டீபிப்ரிலேட்டர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் 1997இல் வைத்தது இருக்கிறது, பெரிய அலை விஎஃப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும், சாதாரண சைனஸ் துடிப்பில் 99க்கு மேல் சும்மா இருக்க வேண்டும். அது படுத்துக்கிடக்கும் ஆளுக்கு ஒட்டு எலக்ட்ரோடு வைத்து எழுதியது என்பதையும் கைடிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த எட்டின் சராசரியை இன்றைக்கே மாற்றுங்கள்.